மலைக்கணவாயில் ஒரு வாகனத் தரிப்பிடம்

வாகனத் தரிப்பிடத்தைப் போல எளிய பொருள் பிறிதொன்றில்லை என்றே எவரும் எண்ணுவர். ஒரு வெளியைச் சமப்படுத்துகிறோம். கல் பரப்பி உருளை இயந்திரத்தால் நெரிக்கிறோம். அதன்மேல் தார்க்கலவையை இடுகிறோம். அது ஆறி இறுகியதும் வெண்கோடுகள் வரைகிறோம். நகரத்தின் நடுவே இவ்வேலை நடக்கும்போது நாம் ஒரு கணம் நின்று பார்ப்பதுமில்லை. ஆனால் அத்தரிப்பிடம் பட்டினத்துக்கு அறுபது மைலுக்கு அப்பால், ஆண்டின் பெரும்பகுதியும் பனி மூடிக் கிடக்கும் ஒரு மலைக்கணவாயில் இருந்து, அதன் உடைமையாளரும் ஓர் அரசாங்கமாக இருந்துவிட்டால், அந்த எளிய பொருளே பல சட்டங்களும் பல ஆபத்துகளும் ஒருங்கு கூடும் இடமாகிவிடுகின்றது. அத்தகைய வேலையொன்றை அமெரிக்க அரசாங்கம் எவ்வாறு பிறர் கையில் ஒப்படைக்கின்றது என்பதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கொந்தராத்து என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மிற் பலருக்கு ஒரு புன்சிரிப்புத் தோன்றுவதுண்டு. அச்சிரிப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கே, கனடாவின் எல்லையைத் தொட்டுக்கொண்டு, மொன்டானா என்னும் மாநிலம் இருக்கின்றது. அங்கே 1910ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிளேசியர் தேசியப் பூங்காவை ஊடறுத்து ஏறத்தாழ 50 மைல் நீளமான ஒரு மலைவீதி செல்கின்றது. சூரியனை நோக்கிச் செல்லும் வீதி என்பது அதன் பெயரின் பொருள். 1933ஆம் ஆண்டு யூலை மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட அவ்வீதியின் உச்சிதான் லோகன் கணவாய். கடல் மட்டத்துக்கு மேல் 6,646 அடி. மேற்கு வாயிலிலிருந்து அங்கே ஏற 32 மைல். கிழக்கு வாயிலிலிருந்து 18 மைல். உச்சிக்குச் சற்றுக் கிழக்கே காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி சில ஆண்டுகளில் 80 அடி உயரத்தையும் எட்டுவதுண்டு. ஆகையால் வீதி முழுவதும் திறக்கப்படுவது யூன் மாதக் கடைசியில், சில ஆண்டுகளில் யூலையில். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் மீண்டும் மூடப்பட்டுவிடும்.

இந்தக் கணவாயில் ஏறத்தாழ 230 வாகனங்கள் நிற்கக்கூடிய ஒரு தரிப்பிடம் உண்டு. அது அங்கே அமைந்ததற்கும் ஒரு வரலாறு இருக்கின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கக் குடும்பங்கள் மோட்டார் வண்டிகளில் ஏறிப் பூங்காக்களை நோக்கிப் புறப்பட்டன. போர்க்காலத்திற் கவனிப்பாரற்றுக் கிடந்த வீதிகளும் கட்டடங்களும் அக்கூட்டத்தைத் தாங்கவில்லை. தேசியப் பூங்காச் சேவை 1916ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பொன்விழாவாகிய 1966ஆம் ஆண்டுக்கு முன்னர் எல்லாவற்றையும் புதுக்குவதென்று அதன் பணிப்பாளர் கொன்ராட் வேர்த் என்பவர் 1956இல் ஒரு பத்தாண்டுத் திட்டத்தைத் தொடக்கினார். ஏறத்தாழ நூறு கோடி டொலர் அதிற் செலவாயிற்று. பார்வையாளர் நிலையம், அதன் வாயிலில் அகன்ற தரிப்பிடம் என்ற அமைப்பு அத்திட்டத்தின் முத்திரை எனலாம். லோகன் கணவாயின் நிலையமும் அக்காலத்ததே. அன்று போடப்பட்ட தளங்கள் பலவும் இன்று அறுபது ஆண்டு மூப்புடையவை.

அக்கணவாயில் நடந்த ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் கதையை நான் கூறப்போவதில்லை. அங்கே அத்தகைய வேலை நடைபெறுவதாயின் எவ்வழியே நடைபெற வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு அவ்விடத்தை ஒரு நிலைக்களமாகக் கொள்கிறேன்.

முதலில் தூரம் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். தார்க்கலவை கடையில் வாங்கி அடுக்கி வைக்கும் பண்டமன்று. ஆலையிலிருந்து புறப்படும்போது அதன் சூடு ஏறத்தாழ 150 பாகை செல்சியசு. அது 80 பாகைக்கு இறங்குவதற்கு முன்னர் பரப்பி, உருளையால் நெரித்து முடித்துவிட வேண்டும். இறங்கியபின் எத்தனை தொன் உருளையை ஓட்டினாலும் கலவை நெருங்காது. உள்ளே நுண்துளைகள் நின்றுவிடும். அத்துளைகளில் நீர் புகும். இரவில் அந்நீர் உறைந்து விரியும். இரண்டு மூன்று மாரிகளுக்குள் தளம் பாளம் பாளமாகப் பெயரும். லொறியில் குவியலாக இருக்கும்வரை கலவை சூட்டைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளும். மெல்லிய படையாகப் பரப்பிய கணத்திலிருந்துதான் மலைக்காற்று தன் வேலையைத் தொடங்குகின்றது. மேற்குப் புறத்தில் ஓரளவு பெரிய பட்டினமாகிய கலிஸ்பெல்லிலிருந்து கணவாய்க்கு 60 மைலுக்கு மேல். அதிலும் கடைசிப் பகுதி, ஒருபுறம் பாறைச் சுவரும் மறுபுறம் பள்ளத்தாக்குமாக வளைந்து ஏறும் ஒடுங்கிய வீதி. பொதுமக்களின் வாகனம் 21 அடிக்கு மேல் நீண்டிருந்தால் அப்பகுதியிற் செல்ல இடமில்லை. அத்தகைய வீதியில், உல்லாசப் பயணிகளின் வண்டி வரிசைக்கு நடுவே, ஆறிக்கொண்டிருக்கும் தார்ச்சுமையை ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதியை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு செலவும் உண்டு. மண் அள்ளும் இயந்திரம், உருளை, தார் பரப்பும் இயந்திரம், வேலையாட்கள், அவர்கள் தங்குமிடம் ஆகிய அனைத்தையும் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் முடிந்தபின் திரும்பக் கொண்டுபோவதும் விலைப்பட்டியலில் ஒரு தனிவரியாகவே எழுதப்படும். நகரத்தில் அது சிறு தொகை. மலையில் அது பெருந்தொகை. மேலும், 50 வண்டிக்குரிய இடத்தைச் செப்பனிட்டாலும் 230 வண்டிக்குரிய இடத்தைச் செப்பனிட்டாலும் அந்த வரியிற் பெரிய வேறுபாடு இராது. தொலைவிடத்து வேலைகளில் ஒரு சதுரயாருக்கு விழும் விலையைக் கண்டு, யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் முழங்குவதற்கு அரைக் காரணம் இதுவே.

இனி, பணத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்கக் காங்கிரசுச் சபை ஒதுக்காத பணத்தை எந்த அதிகாரியும் வாக்களிக்கவும் கூடாது. வாக்களித்தால் அது சட்டப்படி குற்றம். ஒதுக்கப்படும் பணமோ நிதியாண்டைப் பொறுத்தது. 1976 முதல் அந்த ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாளோடு முடிகின்றது. ஆண்டுக் கடைசி வாரங்களில் ஒப்பந்தங்கள் மளமளவென்று கைச்சாத்தாவது அந்நாட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் லோகன் கணவாயில் செப்டெம்பர் முடிவென்றால் வேலைக்காலமும் ஏறத்தாழ முடிவு. கைச்சாத்திட்ட ஒப்பந்தகாரர் ஒன்பது மாதம் பனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் எண்ணெய் விலையும் கூலியும் எங்கே போகும் என்பதை அவர் முன்கூட்டியே ஊகித்து விலையில் ஏற்றிவிடுவார். கணக்காளரின் ஆண்டும் பனியின் ஆண்டும் ஒத்துப்போகாமையால் மக்கள் செலுத்தும் வரியும் உண்டு. அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தனியாகக் காட்டப்படுவதில்லை.

பூங்கா வீதிகளின் வேலையைப் பூங்காச் சேவை தனித்துச் செய்வதில்லை. 1926இல் அச்சேவைக்கும் அன்றைய பொதுவீதிப் பணியகத்துக்குமிடையே ஏற்பட்ட உடன்படிக்கையின் வழியில், பொறியியற் பொறுப்பை இன்றும் பெரும்பாலும் மத்திய பெருந்தெரு நிருவாகம் தாங்குகின்றது. வரைபடம் தயாராகும்போது தார் மட்டும் கணக்கில் வருவதன்று. 1968ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அரசாங்க இடங்கள் உடல் ஊனமுற்றோரும் பயன்படுத்தத்தக்கனவாக அமைய வேண்டும். 201 முதல் 300 வரை தரிப்புக் கட்டங்கள் உள்ள இடத்தில் அவர்களுக்கென ஏழு கட்டங்கள் வேண்டும். அவற்றுள் இரண்டு, சக்கர நாற்காலியை இறக்கும் பெரிய வண்டிக்குப் போதிய அகலமுடையனவாய் இருத்தல் வேண்டும். அக்கட்டங்களின் சரிவு 48 அடிக்கு ஓரடிக்கு மேற்படலாகாது. சொல்வதற்கு எளிது. மலைச்சரிவில், உருகும் பனிநீர் ஓடவும் வேண்டும், சக்கர நாற்காலி உருளாமல் நிற்கவும் வேண்டும் என்றால், இந்த ஒரு விதிக்காகவே தரிப்பிடத்தின் ஒரு மூலை முழுவதையும் கிளறி மட்டத்தை மாற்ற நேரிடும். மேலும் அவ்வீதி 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள மலைப்புல்வெளியோ ஒருமுறை மிதிபட்டால் மீள நெடுங்காலம் எடுப்பது. ஆகவே தரிப்பிடத்தை விரிப்பது என்பது அங்கே எளிதில் எழுப்பக்கூடிய பேச்சன்று. கூட்டத்தைக் குறைக்க 2007இல் இலவச பேருந்துச் சேவையைத் தொடங்கினார்கள். 2021இல் முன்பதிவு முறையையும் புகுத்திப் பார்த்தார்கள். இருக்கும் பரப்பை நன்றாக வைத்திருப்பதே ஒப்பந்தத்தின் நோக்கமாகின்றது.

வரைபடமும் விவரக்குறிப்பும் தயாரானபின் கேள்விப்பத்திரம் கோரப்படும். முன்னாளில் இவ்வறிவித்தல் அச்சுத்தாளில் வந்தது. இப்போது அரசாங்கத்தின் பொது இணையத்தளத்தில் வருகின்றது. அங்கே ஒரு சுவையான வழக்கம் உண்டு. அரசாங்கத்தின் பொறியியலாளர் தாம் மதிப்பிட்ட தொகையை இரகசியமாக வைத்திருப்பார். ஆனால் வேலை எந்த அளவினது என்பதை மட்டும் அறிவித்தலிற் காட்டுவார்: ஐந்து இலட்சம் டொலருக்கும் பத்து இலட்சம் டொலருக்கும் இடைப்பட்டது, பத்து இலட்சத்துக்கும் ஐம்பது இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்றவாறு. சிறிய ஒப்பந்தகாரர் தமக்குத் தகுமா தகாதா என்று அறியவும் வேண்டும். ஆயினும் உச்சத்தொகையைப் பார்த்து விலை கட்டவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கண்ட வழி அது.

பின்னர் இடத்தைப் பார்ப்பதற்கு ஒரு நாள் குறிக்கப்படும். வருகிறவர்கள் அதிகாரியுடன் தரிப்பிடத்தைச் சுற்றி நடப்பார்கள்; வெடிப்புகளை அளப்பார்கள்; மதகின் வாயிற் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் கேட்கும் கேள்விக்கு வாயால் விடை கூறாமல், எழுத்தில் எல்லோருக்கும் அனுப்புவது முறை. அடைத்த உறையில் விலை கோரும் முறையாயின், குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்த கேள்விப்பத்திரமும் பொதுவாகத் தள்ளப்படும். எல்லோர் முன்னிலையிலும் உறைகளைத் திறந்து தொகைகளை உரக்க வாசிப்பார்கள். பெரிய வேலையாயின், விலை கோருவோர் தம் விலையின் ஐந்திலொரு பங்குக்குக் குறையாத பிணையையும் காட்ட வேண்டும். அதன் உச்சவரம்பு முப்பது இலட்சம் டொலர். வேலை கிடைத்தபின் கைச்சாத்திடாமல் நழுவினால் அந்தப் பிணை அரசாங்கத்துக்கு விடையிறுக்கும்.

வேலை கிடைத்தவர் மேலும் இரண்டு பிணைகள் கொடுக்க வேண்டும். ஒன்று, வேலையை முடித்துத் தருவதற்கு. மற்றொன்று சற்று விளக்கத்துக்குரியது. தனியார் ஒருவரின் கட்டடத்துக்குக் கல் விற்ற வியாபாரி, தமக்குப் பணம் வராவிட்டால் அக்கட்டடத்தின்மீதே உரிமை கோரி வழக்கிடலாம். அரசாங்கச் சொத்தின்மீது அவ்வாறு உரிமை கோர முடியாது. மலையடிவாரத்துச் சிற்றூரில் சரளைக்கல் விற்கும் ஒருவர், தூரத்துப் பட்டினத்திலிருந்து வந்த ஒப்பந்தகாரருக்கு நூறு லொறிக் கல் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தகாரர் வங்குரோத்தானால் அவர் தரிப்பிடத்தைத் தோண்டித் தம் கல்லைத் திரும்ப எடுத்துப் போகவா முடியும்? இக்குறையைப் போக்க 1894இல் ஒரு சட்டம் செய்தார்கள். அது போதாதென்று கண்டு 1935இல் மில்லர் சட்டத்தை இயற்றினார்கள். கல் விற்றவருக்கும் கூலியாளுக்கும் பிணை நின்ற நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூலியைப் பற்றிய சட்டம் 1931இலேயே வந்துவிட்டது. இரண்டாயிரம் டொலருக்கு மேற்பட்ட அரசாங்கக் கட்டுமான வேலை எதுவாயினும், அவ்விடத்தில் நிலவும் கூலியென அரசாங்கம் நிர்ணயித்த வீதத்துக்குக் குறைத்துக் கொடுக்கலாகாது; யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை ஒப்பந்தகாரர் வாரந்தோறும் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். 1935இல் விதித்த இரண்டாயிரம் டொலர் வரம்பு இன்றும் மாறவில்லை என்பது வியப்பான செய்தி.

இவையெல்லாம் மேற்பரப்பு. இவ்விடயத்தின் உயிர்நிலை மண்ணுக்குக் கீழேயிருக்கின்றது.

பழைய தளத்தைப் பெயர்த்தபின் கீழே என்ன இருக்கும்? வரைபடத்தில் ஓரடி ஆழத்துக்குச் சரளைக்கல் என்று எழுதியிருக்கலாம். தோண்டினால் சேறு வரலாம், ஊற்று வரலாம், 1960களில் யாரோ புதைத்துவிட்டு எழுதி வைக்காத குழாய் வரலாம். சேற்றை வாரி, வேறு கல்லை அறுபது மைல் தூரத்திலிருந்து கொண்டுவந்து நிரப்பச் செலவு இலட்சக் கணக்கில் ஏறும். அச்செலவை யார் ஏற்பது?

உடனே தோன்றும் விடை, ஒப்பந்தகாரர் ஏற்கட்டும் என்பதுதான். இடத்தை வந்து பார்த்தார், விலையைச் சொன்னார், சொன்ன விலைக்குச் செய்யட்டும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் அதன் விளைவைச் சற்றுத் தொடர்ந்து பாருங்கள். எச்சரிக்கையுள்ள ஒப்பந்தகாரர் சேறு வரக்கூடும் என்று அஞ்சி அதற்கும் ஒரு தொகை சேர்த்து விலை எழுதுவார். அச்சமற்றவர், அல்லது அறியாதவர், சேர்க்காமல் எழுதுவார். மிகக் குறைந்த விலைக்கே வேலை என்றால், வெல்பவர் அறியாதவர். சேறு வராவிட்டால் அவர் அதிட்டசாலி. சேறு வந்துவிட்டால், ஆகஸ்டு மாத முடிவில், பாதி தோண்டிய குழியுடன், கையிற் பணமின்றி அவர் நிற்பார். இன்னும் ஐந்து வாரத்திற் பனி விழும். ஒன்றில் சேற்றின்மேலேயே கல்லைப் பரப்பி மூடிவிடுவார், அல்லது வேலையைக் கைவிட்டுப் போய்விடுவார். எச்சரிக்கையுள்ளவர் வென்றிருந்தால் மட்டும் நன்மையா? சேறு வராத ஆண்டுகளிலும் வராத சேற்றுக்கு அரசாங்கம் விலை கொடுத்துக்கொண்டேயிருக்கும். இருவழியிலும் பொதுப்பணத்துக்கே நட்டம்.

இதனை அமெரிக்க அரசாங்கம் தானாக உணர்ந்ததென்று சொல்வதற்கில்லை, நீதிமன்றங்கள் உணர்த்தின. கென்டக்கி மாநிலத்தில் கிரீன் ஆற்றின் அணையொன்றைத் திருத்துவதற்கு விடப்பட்ட ஒப்பந்தத்தில், அணையின் பின்புறத்தில் உடைகல்லும் மரத்தூளும் வண்டலும் நிரம்பியிருப்பதாக எழுதியிருந்தது. தோண்டியபோது மேலே குழைசேறும், அதன் கீழே கல் நிரப்பிய மரக்கட்டைச் சட்டகமும் காணப்பட்டன. ஒப்பந்தகாரர் இடத்தைத் தாமே ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. அரசாங்கம் அதனைப் பற்றிக்கொண்டது. 1914இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அரசாங்கம் இன்னது இருக்கின்றது என்று உறுதியாகச் சொன்னால், எதிரே நிற்பவர் அதனை நம்பலாம் என்றது.

நான்காண்டு கழித்து இன்னும் பெரிய வழக்கு. நியூயோர்க்கின் புரூக்ளின் கடற்படைத் துறையில் உலர்துறை ஒன்றை அமைக்க ஸ்பியரின் என்பவர் 757,800 டொலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தார். அவ்விடத்தை ஊடறுத்துச் சென்ற ஆறடி விட்டமுள்ள கழிவுநீர்க் கால்வாயை அரசாங்கம் தந்த வரைபடத்தின்படியே அவர் இடம்மாற்றிக் கட்டினார். ஏறத்தாழ ஓராண்டின் பின்னர் திடீரெனப் பெருமழையும் கடலேற்றமும் ஒன்றுசேர, அக்கால்வாய் உடைந்து தோண்டிய குழியெல்லாம் வெள்ளமாயிற்று. காரணத்தைத் தேடியபோது, அதனோடு இணைந்த வேறொரு கால்வாயினுள் எந்த வரைபடத்திலும் காட்டப்படாத ஓர் அணை நிற்பது தெரிந்தது. பொறுப்பை அரசாங்கம் ஏற்கும்வரை வேலையைத் தொடர முடியாதென்றார் அவர். பதினைந்து மாதக் கடிதப் போக்குவரத்தின் பின் அரசாங்கம் ஒப்பந்தத்தையே நீக்கிற்று. 1918இல் நீதியரசர் பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு ஒப்பந்தகாரர் பக்கம் நின்றது. வரைபடத்தைத் தந்தவரே அது வேலைக்குப் போதுமானது என்பதற்கு உத்தரவாதம் அளித்தவராகிறார் என்பது அதன் கருத்து. ஸ்பியரினுக்கு 141,180 டொலர் கிடைத்தது. அமெரிக்காவிற் கட்டட வேலை பற்றிப் பேசும் வழக்கறிஞர் ஒவ்வொருவரும் இன்றும் அவர் பெயரை உச்சரிக்கின்றனர்.

இந்த வழக்குகளின் பின்னர், 1920களில், அரசாங்கத்தின் பொது ஒப்பந்தப் படிவத்திலேயே ஒரு வாசகம் புகுந்தது. நிலத்தின் உள்நிலை ஒப்பந்தத்திற் காட்டியதினின்றும் வேறுபட்டிருந்தாலோ, அத்தகைய இடத்தில் எவரும் எதிர்பாராத வண்ணம் அசாதாரணமாக இருந்தாலோ, விலையையும் காலத்தையும் நியாயமாகத் திருத்தித் தருவதாக அரசாங்கமே முன்வந்து சொல்கின்றது. அதாவது சேற்றின் ஆபத்தை அரசாங்கம் தன் தோளில் ஏற்றுக்கொள்கின்றது. அதனால் விலை கோருவோர் எவரும் அச்சத்துக்கு விலை எழுத வேண்டியதில்லை. இதனைத் தாராள குணம் என்று எண்ணிவிடலாகாது. நன்கு கணக்குப் பார்த்த சிக்கனம் இது. ஒரு பணக்கார உடைமையாளர் ஆயிரம் இடங்களில் வேலை செய்விக்கிறார். சில இடங்களிற் சேறு வரும், பல இடங்களில் வராது. சராசரியை அவராற் தாங்க முடியும். ஒரே ஒரு தரிப்பிடத்தை எடுத்த சிறு ஒப்பந்தகாரருக்குச் சராசரி என்று ஒன்றில்லை.

எனினும் இதில் ஒரு கட்டாயம் உண்டு. சேற்றைக் கண்டவுடன், அதனைக் கலைப்பதற்கு முன்னரே, எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாரி எறிந்துவிட்டுப் பின்னர் வந்து பணம் கேட்டால், இருந்ததா இல்லையா என்பதை யார் சொல்வது? தொலைவிடங்களில் இந்த ஒரு சிறு கட்டாயமே பலரைத் தடுக்கி வீழ்த்துகின்றது. கைபேசி அலைகூட எட்டாத கணவாயில், லொறிகள் வரிசையிற் காத்திருக்க, கலவை ஆறிக்கொண்டிருக்க, வேலைத் தலைவர் கடதாசியைத் தேடுவாரா, சேற்றை வாருவாரா?

இதனோடு ஒட்டிய இன்னொரு பொறியும் உண்டு. அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தக்கூடியவர் ஒப்பந்த அதிகாரி ஒருவரே. அவர் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு கந்தோரில் இருப்பார். வேலை நடக்கும் இடத்தில் நிற்பவர் பூங்கா அலுவலர். “ஐயா, இந்த நடைபாதையை இன்னும் இரண்டடி அகலப்படுத்தினால் நல்லது” என்று அவர் நட்புடன் சொல்கிறார். ஒப்பந்தகாரரும் சம்மதித்து அகலப்படுத்தி விடுகிறார். பணம் கேட்கும்போது, அவ்வாறு சொல்ல அந்த அலுவலருக்கு அதிகாரமில்லை என்ற விடை வரலாம். அரசாங்கத்தோடு கொடுக்கல்வாங்கல் செய்பவர், எதிரில் நிற்பவரின் அதிகாரம் எவ்வளவு என்பதைத் தாமே அறிந்துகொள்ள வேண்டுமென்று 1947இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கிற் கூறியிருக்கின்றது. அவ்வழக்குக் கோதுமைக் காப்புறுதி பற்றியது. அதன் நிழல் தார்த்தளம் வரை நீள்கின்றது. இது கடுமையானதே. ஆயினும் வாய்ச்சொல்லால் பொதுப்பணம் கரைவதைத் தடுக்க வேறு வழி காண்பதும் எளிதன்று. பிணக்கு முற்றினால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலில் ஒப்பந்த அதிகாரியிடமே கோரிக்கை வைக்க வேண்டும். அவர் மறுத்தால் 90 நாளுக்குள் முறையீட்டுச் சபைக்கோ, 12 மாதத்துக்குள் நீதிமன்றத்துக்கோ போகலாம்.

என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு விதிகளும் பலர் போட்டியிடுவர் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தவை. மலைக்கு வர எவரும் விரும்பாவிட்டால் என்ன செய்வது? ஒரே ஒரு கேள்விப்பத்திரம் வரலாம். அப்போது அதிகாரிக்குத் துணையாக இருப்பது அந்த இரகசிய மதிப்பீடு ஒன்றே. அதுவும் நகரத்து விலைகளைப் பார்த்து மேசையிலிருந்து எழுதப்பட்டதாயின், நியாயமான விலையும் அநியாயமாகத் தோன்றும், வேலை நின்றுவிடும். படிவங்களின் தடிப்பைக் கண்டே பின்வாங்கும் சிறு ஒப்பந்தகாரர்களும் பலர். 1984 முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்கக் கொள்வனவு விதித்தொகுப்பைச் சுருக்கித் திருத்தி எழுதுமாறு 2025 ஏப்ரலில் அந்நாட்டு ஜனாதிபதி கட்டளையிட்டதற்கு இத்தகைய முறைப்பாடுகளும் காரணம். சுருக்குவது நன்றே. ஆனால் சேற்றுக்குரிய அந்த வாசகத்தைப் போன்றவற்றைச் சுருக்கப் புகுவோர், அது எவ்வளவு நட்டத்தின் பின் எழுதப்பட்டதென்பதை முதலில் வாசித்தறிய வேண்டும். என் எண்ணத்தில், படிவத்தைக் குறைப்பதைக் காட்டிலும், அண்டையிலுள்ள இரண்டு மூன்று வேலைகளை ஒன்றுசேர்த்து விடுவதும், மாரிக்காலத்திலேயே கேள்விப்பத்திரம் கோரி வேனிலின் முதல் நாளிலிருந்து வேலைக்கு இடமளிப்பதும் தொலைவிடங்களுக்கு அதிகம் உதவும். இயந்திரங்களை மலையேற்றும் செலவு அப்போது பங்கிடப்படும். பனிக்கு அஞ்சும் விலையும் குறையும்.

செப்டெம்பரில் எல்லாம் முடிந்தது என்று கொள்வோம். கோடுகள் வரையப்பட்டுவிட்டன, ஏழு கட்டங்களிலும் சக்கர நாற்காலிச் சின்னம் தீட்டியாயிற்று. அதிகாரி அளந்து பார்த்து வேலையை ஏற்றுக்கொள்கிறார். பிடித்து வைத்திருந்த பணம் விடுவிக்கப்படுகின்றது. அந்நாளிலிருந்து ஓராண்டுக்கு, வேலையிற் குறை தோன்றினால் ஒப்பந்தகாரர் தம் செலவில் திருத்த வேண்டும். ஆனால் அந்த ஓராண்டில் எட்டு ஒன்பது மாதம் தளத்தை எவரும் காண முடியாது. அடுத்த வேனிலிற் பனியகற்றும் இயந்திரங்கள் இருபுறமிருந்தும் மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டு கணவாயை வந்தடையும்போது, ஒப்பந்தகாரரும் அதிகாரியும் ஈரமான தளத்தின்மேல் மீண்டும் ஒருமுறை நடப்பார்கள். எங்கே நீர் தேங்கி நிற்கின்றது, எந்த விளிம்பு அமிழ்ந்திருக்கின்றது, இயந்திரத்தின் அலகு எந்தக் கோட்டைச் சுரண்டிப் போயிற்று என்று குறித்துக்கொள்வார்கள். உத்தரவாதம் முடிய அப்போது இன்னும் மூன்று மாதம் இருக்கும்.